சேலத்தில் இருந்துகொண்டு ராமநாதபுரத்துக் கிணறுகளுக்கு ஆட்சேபம் எழுதலாமா?

கேள்வி: அஸ்தம்பட்டி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். எங்கள் இயற்கை மன்றத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் மூக்கனேரிக்கும், மாதம் ஒருமுறை ஏற்காட்டு அடிவாரத்துக்கும் போய்ப் பறவை பார்ப்பது சில ஆண்டுகளாக வழக்கம். ஆண்டுக்கு ஒரு தொலைதூரப் பயணமும் உண்டு. சென்ற மூன்று முறையும் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே போனோம். சித்திரங்குடிக் கண்மாயில் கருவேல மரங்களின் மேல் நாரைகள் கூடு கட்டியிருந்ததைப் பிள்ளைகள் வாய் பேசாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் அந்த அமைதியை நான் ஒருநாளும் கண்டதில்லை.

2025 ஆகஸ்டில் அந்த மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக்காக 20 சோதனைக் கிணறுகள் தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கும் செய்தி வெளியானது. எதிர்ப்பு எழுந்ததும், ஹைட்ரோகார்பன் திட்டங்களை மாநில அரசு அனுமதிக்காது என்றும், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு அறிவுறுத்தப்பட்டிருக்கிறது என்றும் அமைச்சர் அறிக்கை வெளியிட்டார். ஆனாலும் எங்கள் பங்குக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்று பிள்ளைகள் விடாப்பிடியாக நின்றதால், ஒரு பக்க அளவில் எழுதி 212 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். “இயற்கை அன்னையின் மடியில் துளையிடும் இக்கொடுஞ்செயலை உடனே தடுத்து நிறுத்துமாறு தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து வேண்டுகிறோம்” என்று அது முடிகிறது. அதை எழுதியவன் பத்தாம் வகுப்பு மாணவன். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் அறையில் இதைப் பார்த்த ஒருவர், “அங்கே உங்களுக்கு ஒரு சென்ட் நிலமாவது இருக்கிறதா, டீச்சர்?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார் என்றாலும் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களின் ஆட்சேபத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா, அமைச்சரே அறிவித்துவிட்ட பிறகு மனுவுக்கு என்ன வேலை, எழுதுவதென்றால் யாருக்கு, எப்படி எழுத வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மஞ்சவாடிக் கணவாய்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் சக ஆசிரியரின் கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்தை இரண்டு வழிகளில் கேட்கச் சொல்கிறது. திட்டம் வரும் இடத்தில் வாழ்பவர்களுக்காக அங்கேயே நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று. அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளில் நியாயமான அக்கறை உடைய ஏனையோரிடமிருந்து எழுத்து வடிவில் கருத்துகளைப் பெறுவது மற்றொன்று. பட்டா கேட்கும் சொல் அந்த இரண்டாம் பகுதியில் எங்கும் இல்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்தக் கண்மாய்களுக்குப் போய்க் குறிப்பெடுத்து வந்த ஒரு மன்றத்துக்கு நியாயமான அக்கறை இல்லை என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2020 ஜனவரி 16 அன்று வெளியான திருத்தம், நிலத்திலும் கடலிலும் நடக்கும் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை ‘பி2’ என்னும் வகைக்கு மாற்றிவிட்டது. அந்த வகைக்கு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அனுமதி தரும் அதிகாரமும் மத்திய அமைச்சகத்திடமிருந்து மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு வந்துவிட்டது. கண்டுபிடித்த எண்ணெயை உற்பத்தி செய்யும் கட்டத்துக்கு மட்டும் பழைய நடைமுறை தொடர்கிறது. தாலி கட்டி முடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கும் ஏற்பாடு இது. ராமநாதபுரத்துக்காரர்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தங்கள் ஊரில் வரவிருந்த கிணறுகளைப் பற்றி அறிந்தார்கள் என்றால், அதற்கு ஒரு அதிகாரியின் அலட்சியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை; விதியே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

அமைச்சரின் அறிக்கையைப் பற்றி: அறிவிப்பு வேறு, ஆணை வேறு. கொடுத்த அனுமதி ரத்தாகிவிட்டது என்பதற்கு ஆணையத்தின் எழுத்து வேண்டும். அதற்குத் தேதியும் எண்ணும் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் முதல் கடிதம் மனுவாக இல்லாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமாக இருக்கட்டும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அந்த அனுமதியின் இன்றைய நிலை என்ன, வல்லுநர் மதிப்பீட்டுக் குழு அதைப் பரிசீலித்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே, கிணறு ஒவ்வொன்றின் அட்சரேகை, தீர்க்கரேகை என்ன என்று மூன்று கேள்விகள் போதும். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. இனி வரும் திட்டங்களுக்கு, சுற்றுச்சூழல் அனுமதிக்கான ‘பரிவேஷ்’ அரசு இணையதளத்தில் விண்ணப்பம் ஏற்றப்படும்போதே பார்த்து, வல்லுநர் குழு கூடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். குழு கூடி முடித்த மறுநாள் வரும் கடிதத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்று அலுவலகத்துக்கே தெரியாது. அனுமதி கொடுத்துவிட்டால், 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாட்கள் வரை தருவார்கள், அதற்கு மேல் ஒரு நாளும் தர மாட்டார்கள். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

நாட்களை எண்ணும் பழக்கம் எனக்கு எட்டு வழிச்சாலையால் வந்தது. சேலம் முதல் சென்னை வரை 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய் என்று 2018-இல் அறிவித்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கல் நட்டபோது, ஆட்சேபம் தெரிவிக்க நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3சி பிரிவு 21 நாட்கள் தருகிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அழுதவர்கள் பலர், கல்லைப் பிடுங்கி எறிந்தவர்கள் சிலர்; புல எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கியவர்கள் மிகச் சிலர். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், கையகப்படுத்தலைத் தொடங்குவதற்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் சாலைப் பணி தொடங்குவதற்கு முன் அனுமதி பெற்றாக வேண்டும் என்றும் சொன்னது. இரண்டு நீதிமன்றங்களிலும் வாதம் சுற்றிச் சுற்றி வந்தது, எந்த அனுமதி எதற்கு முன்னால் என்ற ஒரே கேள்வியைத்தான்.

பதில்: நாகலூர் காப்பி

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். மேலே எழுதியவர் நாட்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் கடிதத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். என் அறிவு முழுவதும் ஏற்காட்டு மலையைத் தாண்டாதது என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

சேர்வராயன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். 1,600 மீட்டர் உயரத்தில் அந்த இடம் மட்டும் மேசைபோல் தட்டையாக, மரமில்லாத புல்வெளியாக விரிந்து கிடக்கிறது. மழையிலும் வெயிலிலும் பாறை சிதைந்து உருவான பாக்சைட்தான் அதன் மேலோடு. துளைகள் நிறைந்த அந்த மேலோடு மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. அதை வெட்டி எடுத்த காலத்தில் நான் சிறுவன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் செம்மண் நிறத்துப் புழுதியோடு லாரிகள் இறங்கும். எங்கள் காப்பிச் செடிகளின் இலையை விரலால் தேய்த்தால் விரல் சிவக்கும். தோட்டத்தின் மேற்புறத்து ஊற்று நின்றுபோனபோது என் தகப்பனார் எத்தனையோ மனு எழுதினார். எல்லாவற்றிலும் “எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது” என்ற ஒரே வரிதான் இருந்தது. ஊற்று எந்த மாதம் நின்றது, அதற்கு முன் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவர் எழுதியதே இல்லை. அவருக்கு அது தெரியும். எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனுக்களுக்கு ஒரே மாதிரியான பதில் வந்தது: “தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது.”

பிற்பாடு எங்கள் மாவட்டத்தில் ஒரு கல் குவாரிக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். திருமண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வாசலில் வேன்களில் வந்து இறங்கியவர்கள் கையில் டோக்கன் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருந்த வாசனை மேடை வரைக்கும் வந்தது. குவாரியின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆங்கிலத்தில் நானூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு, தமிழ்ச் சுருக்கம் பதினான்கு பக்கம். நான் என் மகளின் உதவியோடு ஆங்கில அறிக்கையில் விலங்குகளின் பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் போயிருந்தேன். அதில் காட்டெருமையே இல்லை. குவாரிக்குப் போகும் வண்டிப் பாதையில் கிடந்த காட்டெருமைச் சாணத்தை, பக்கத்தில் என் செருப்பை வைத்துப் படம் எடுத்து, தேதியோடு அச்சிட்டுக் கையில் வைத்திருந்தேன். ஒலிவாங்கி வந்ததும், பக்க எண்ணைச் சொல்லி, “இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் இந்த இடத்துக்கு எந்தத் தேதியில் வந்தார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அதற்கு முன் பேசியவர் பத்து நிமிடம் முழங்கியிருந்தார். அவருக்குக் கைதட்டல் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்தார்கள். அப்படி வாசிக்க வேண்டும் என்பது விதி. என் கேள்வி அதில் இல்லை. பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் எழுந்து நின்று, அதைச் சேர்க்காமல் கையெழுத்திடக் கூடாது என்று சொன்னேன். தலைமை தாங்கிய அதிகாரி கொஞ்சம் சலித்துக்கொண்டாலும் சேர்க்கச் சொல்லிவிட்டார். கூட்டத்தில் பதிவான ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும் என்பதால், இறுதி அறிக்கையில் காட்டெருமை வந்து சேர்ந்தது. குவாரி நின்றுவிடவில்லை. அனுமதி கொடுத்தார்கள், காட்டெல்லையை ஒட்டிய துண்டை மட்டும் விலக்கிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டின் வழியாகத்தான் இன்றும் அவை இறங்கி வருகின்றன, என் மிளகுக் கொடிகளையும் மிதித்துக்கொண்டு.

ஆகவே அம்மா, அந்த மாணவனின் வரியை எடுத்துவிடுங்கள். அவன் வருந்துவான், ஆனால் அவனுடைய பறவைக் குறிப்பேட்டில் “சித்திரங்குடி, இந்தத் தேதி, காலை 7.10, கூடுகள் இத்தனை” என்று ஒரு வரி இருந்தால் அதை அந்த இடத்தில் வையுங்கள். திட்டக்காரர்கள் அமர்த்தும் ஆலோசகர்களின் அறிக்கையால் மறுக்க முடியாதது அந்த வரிதான். இனி எடுக்கும் குறிப்புகளை அன்றன்றே ‘இ-பேர்ட்’ என்னும் பறவைப் பதிவுத் தளத்திலும் ஏற்றிவிட்டால், மனு எழுதுவதற்காகப் பின்னால் உருவாக்கியது என்று ஒருவரும் சொல்ல முடியாது. 18 வயது நிறையாத பிள்ளைகளின் கையெழுத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது அவர்களுக்கும் உங்கள் பள்ளிக்கும் வீண் தலைவலி.

பதில்: லீ பஜார் குண்டு மிளகாய்

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். இருபது ஆண்டுகளாகச் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் வியாபாரம் செய்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய், சேலத்தில் பல வீடுகளின் குழம்புக்கு என் கடையிலிருந்துதான் போகிறது. இதுவரை எழுதியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு எரிவாயு புதிதல்ல. வழுதூரில் எரிவாயுவால் இயங்கும் மின் நிலையமே இருக்கிறது. மழை பொய்த்தால் ஒரு போகமும் இல்லாத பூமி அது. படித்த பையன்கள் வளைகுடா நாடுகளில் இதே எண்ணெய்க் கிணறுகளில்தான் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் போய், எண்ணெய் எடுப்பது பாவம் என்று சொன்னால் சிரிப்பார்கள். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம். நாம் அனைவரும் எரிவாயு அடுப்பில்தான் சமைக்கிறோம். இந்த வாதத்துக்குப் பதில் இல்லாத மனுவை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் படித்தால், “நாரைக்கு அழுகிறார்கள், நமக்கு அழுவார் இல்லை” என்றுதான் நினைப்பார்.

அப்படியென்றால் நான் கிணறுகளை ஆதரிக்கிறேனா? இல்லை. என் காரணம் தண்ணீர். எங்கள் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாயின் வரத்துக்காலில் இறங்கும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. துளையிடும்போது குழாய்க்குள் அடர்த்தியான சேற்றுக் கலவையைச் செலுத்துவார்கள். அதுவும் பாறைத் துகளும் வெளியே வந்து, கிணற்றை ஒட்டி வெட்டிய குழியில் தேங்கும். எண்ணெயோடும் வாயுவோடும் ஆழத்திலிருந்து வரும் நீர் பெரும்பாலும் உப்பு நீர். குழிக்குத் தார்ப்பாய் விரிப்பார்கள், சரி. ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டுகிற மழையில் அந்தக் குழி நிரம்பி வழிந்தால், அது ஒரு கண்மாயோடு நிற்காது. வரிசையாகக் கீழே உள்ள எல்லா ஊரின் நெல்லுக்கும் மிளகாய்க்கும் போகும். உங்கள் நாரைகளுக்கும் அந்தத் தண்ணீர்தான். எனவே கிணறு எந்த வரத்துக்காலிலிருந்து எத்தனை மீட்டர், அந்த வரத்துக்கால் எந்தெந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று கேளுங்கள். சட்டத்தோடு பறவையையும் பயிரையும் கட்டிப்போடும் கேள்வி அதுதான்.

விபத்து நடக்காது என்று சொல்பவர்களுக்கு அசாமின் பாக்ஜானை நினைவூட்டலாம். 2020 மே 27 அன்று தின்சுகியா மாவட்டத்தில் ஓர் எரிவாயுக் கிணறு கட்டுமீறி வெடித்தது. ஜூன் 9 அன்று அது தீப்பற்றி, தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள். நவம்பரில்தான் அதை முழுமையாக அடைக்க முடிந்தது. பக்கத்தில் திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவும், மாகுரி-மோட்டாபுங் என்ற பெரிய ஈரநிலமும் இருக்கின்றன. அங்கே நாசமானதில் ஈரநிலமும் உண்டு, அதை நம்பியிருந்த மீன்பிடிக்காரர்களின் வீடும் பயிரும் உண்டு.

இன்னொன்று. உங்கள் 212 கையெழுத்தில் ராமநாதபுரத்துக்காரர் எத்தனை பேர்? அனுப்புவதற்கு முன் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றிலாவது கிராம சபையில் இதைப் பேசச் சொல்லிப் பாருங்கள். ஆண்டுக்கு ஆறு கூட்டம் நடக்கிறது. நான் ஊர்ப் பெயர்களும் ஆட்களும் தருகிறேன். தனிச் செய்தியில் கேளுங்கள்.

பதில்: மஞ்சவாடிக் கணவாய்

மிளகாய்க்கார அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கிராம சபை பற்றி ஒரு குறிப்பு மட்டும். ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளிடமே கேட்கும்படி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது; 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன; சுரங்கம் நின்றது. இதை எடுத்துக்காட்டிப் பேசுபவர்கள், அந்தத் தீர்ப்பின் பலம் வன உரிமைச் சட்டத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. சமவெளிக் கிராமத்தின் தீர்மானத்துக்கு அந்தக் கட்டுப்படுத்தும் பலம் கிடையாது. ஆனால் அது சாட்சியம் ஆகும். மக்கள் எதிர்ப்பு இல்லை என்று கோப்பில் யாரும் எழுத முடியாமல் செய்யும்.

மனுவில் கேட்க வேண்டியது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடை செய்கிறது. காவிரிப் படுகையில் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்த நாட்களும், 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் உட்கார்ந்த நாட்களும் இல்லையென்றால் அந்தச் சட்டம் வந்திருக்காது. அதன் எல்லைக்குள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் வந்தன, ராமநாதபுரம் வரவில்லை. “திட்டத்தை நிறுத்துங்கள்” என்பதைவிட, “அந்தத் தடையை ராமநாதபுரத்துக்கும் அதன் ஈரநிலங்களுக்கும் நீட்டுங்கள்” என்பது அரசால் செய்யக்கூடிய, செய்யாவிட்டால் ஏன் என்று கேட்கக்கூடிய கோரிக்கை. ஆய்வுக் கிணறுகளுக்கு மீண்டும் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய அமைச்சகத்துக்குத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும்.

பதில்: குகை வாசகர்

தொலைவில் இருப்பவர்கள் எழுதுவதைப் பற்றிய உரையாடலாக இருப்பதால் ஓர் அயல்நாட்டுச் செய்தியைச் சேர்க்கிறேன். அலாஸ்காவின் வடகோடியில் ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. 1960-இல் ஒதுக்கியது, 1980-இல் விரிவாக்கினார்கள். சுமார் 190 லட்சம் ஏக்கர் பரப்பில், கடலோரச் சமவெளியான 15 லட்சம் ஏக்கரை மட்டும், அங்கே எண்ணெய் எடுப்பதா வேண்டாமா என்பதை நாடாளுமன்றமே பிறகு முடிவு செய்யட்டும் என்று விட்டுவைத்தார்கள். அந்தச் சமவெளியில்தான் ‘போர்க்குபைன்’ கூட்டத்துக் கரிபு மான்கள் கன்று ஈனுகின்றன. அந்த மான்களை நம்பி வாழும் குவிச்சின் பழங்குடியினர் அந்த இடத்தை ‘உயிர் தொடங்கும் புனித இடம்’ என்கிறார்கள். மான்களைக் கலைத்துவிடக் கூடாது என்று பஞ்ச காலத்தில்கூட அங்கே கால் வைப்பதில்லை. சேர்வராயன் கோயில் மேட்டைப் பற்றி நாகலூர்க்காரர் எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் புகலிடத்துக்காகப் பல பத்தாண்டுகளாகக் கடிதம் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்க்காதவர்கள். குவிச்சின் மக்கள் 1988-இல் தங்களுக்குள் ஒரு குழு அமைத்துக்கொண்டு அந்த வெளியாட்களிடம் போய்ப் பேசினார்கள் என்பதுதான் அந்தக் கடிதங்களுக்கு எடை சேர்த்தது. 2017-இல் ஒரு வரிச் சட்டத்தின் வழியாக அந்தச் சமவெளியைக் குத்தகைக்குத் திறந்துவிட்டபோது, எழுதியவர்கள் அரசை விட்டுவிட்டு வங்கிகள் பக்கம் திரும்பினார்கள்; பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆர்க்டிக் எண்ணெய்க்குக் கடன் தருவதில்லை என்று அறிவித்தன. 2021 ஜனவரியில் நடந்த முதல் ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றுகூட வரவில்லை. பெரும்பாலான பகுதிகளை எடுத்தது அலாஸ்கா மாநிலத்தின் சொந்த அமைப்பு. 2025 ஜனவரியில் நடந்த இரண்டாம் ஏலத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அதே 2025 ஜூலையில் வந்த ஒரு சட்டம் மேலும் நான்கு ஏலங்களை நடத்தச் சொல்லிவிட்டது.

மிளகாய்க் கடைக்காரரின் வருத்தம் அங்கேயும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். அந்தச் சமவெளியிலேயே உள்ள ஒரே ஊரான கக்டோவிக்கில் வாழும் இன்யூபியாட் மக்களில் பலர், பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் எண்ணெய் வருமானம் வேண்டும் என்று துளையிடுவதை ஆதரிக்கிறார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்தைப் பற்றி முடிவு செய்வதை வெறுக்கவும் செய்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டி ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை மூக்கனேரிக்குப் போகாமல் வகுப்பறையிலேயே உட்கார்ந்து, பிள்ளைகளின் மூன்று ஆண்டுக் குறிப்பேடுகளையும் பிரித்தோம். பாதியில் தேதி இல்லை. சிலவற்றில் நாரைக்குப் பக்கத்தில் நாரையின் படம் மட்டும் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை. தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றும் உள்ள வரிகள் என்று தேறியவை 61. “பொற்பாதங்கள்” எழுதிய மாணவன், தன் வரியை எடுத்துவிடலாம் என்று தானே சொல்லிவிட்டான்; அவனுடைய குறிப்பேட்டிலிருந்து மட்டும் 19 வரிகள் கிடைத்தன என்பதால் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் கையெழுத்துகளைக் கழித்த பின் 212-இல் 58 மீதம் இருக்கிறது.

மிளகாய் ஐயாவுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அவர் சொன்ன ஊர்களில் ஒன்றிலிருந்து வரத்துக்காலின் கையால் வரைந்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் கண்மாய்கள் ஒன்பது, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஏழாவதாக உள்ள கண்மாய்க்கரையில் நின்றுதான் சென்ற ஆண்டு நாங்கள் மதிய உணவு சாப்பிட்டோம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். தகவல் உரிமை விண்ணப்பம் தயார். கேள்விகளை மூன்றோடு நிறுத்த முடியவில்லை, வரத்துக்காலையும் சேர்த்து நான்காகிவிட்டது. திங்கட்கிழமை அஸ்தம்பட்டி அஞ்சலகத்திலிருந்து விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். மனுவை, அந்த ஊர்க் கிராம சபை கூடும் வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர்கள் தீர்மானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்கிறாள், அதற்கு இங்கே யாராவது விடை வைத்திருந்தால் எழுதுங்கள்.